இரவில் வன்னி தாண்டும் யாழ்ப்பாணத்துச் சாரதிக்கு: யானை, எருமை, கட்டாக்காலி மாடு குறுக்கே வந்தால் என்ன செய்வது?

யாழ்ப்பாணத்தில் யானை இல்லை. ஆனையிறவு என்ற பெயர்தான் மிச்சம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை அந்தக் களப்பு வழியாகத்தான் குடாநாட்டுக்குள் ஓட்டிவந்து கப்பலேற்றினார்கள். ஊர்காவற்றுறைக்கு ‘கயிற்ஸ்’ என்று பெயர் வந்ததே யானைத்துறை என்று பொருள்படும் போர்த்துக்கேயப் பெயரால்தான் என்பார்கள்.

இப்படி யானை இல்லாத ஊரில் ஓட்டப் பழகியதுதான் எங்கள் பிரச்சினை. நாயும் ஆடும் சைக்கிளும் பார்த்துப் பழகிய கண்ணோடு ஏ9 வீதியில் பரந்தனைத் தாண்டுகிறோம். அதற்கு மேல் வீதி அகலம், தார் நல்லது, இரவில் ஆளரவம் குறைவு. கால் தானாகவே அக்சிலேற்றரில் இறங்கும். நானும் இருபது வருடமாகக் கட்டுநாயக்கா எயார்போட்டுக்கு ஆள் ஏற்ற, இறக்க என்று இந்தப் பாதையில் போய்வருகிறவன். ஒரு முறை எருமையில் அடித்திருக்கிறேன், இரண்டு முறை யானைக்கு முன்னால் நின்றிருக்கிறேன். அந்த அனுபவத்தையும் கேட்டறிந்ததையும் வைத்து எழுதுகிறேன்.

முதலாவது: எந்த நேரத்தில் வெளிக்கிடுகிறீர்கள்

இதைச் சரியாகச் செய்தால் கீழே எழுதியிருப்பதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

யானை பெரும்பாலும் பொழுது சாய்ந்து காட்டை விட்டு வெளியே வந்து, விடியப் பார்த்து உள்ளே போகும். அதிகாலை ஐந்து மணி பிளைற்றுக்கு என்று பின்னேரம் ஆறு மணிக்கு யாழ்ப்பாணத்தில் ஸ்ராட் பண்ணினால் என்ன நடக்கும் என்று கணக்குப் பாருங்கள். எட்டு மணிக்கு மாங்குளம், கனகராயன்குளம், புளியங்குளக் காடு. பத்தரை, பதினொன்றுக்கு அநுராதபுரம் தாண்டி நொச்சியாகமவிலிருந்து புத்தளம் போகும் பாதை. அதன் ஒரு பக்கத்தில் வில்பத்துக் காடு. ஆக யானை வெளியே வரும் நேரமாகப் பார்த்து, யானை நிற்கும் இரண்டு இடங்களையும் நீங்கள் கடக்கிறீர்கள்.

மதியம் பதினொன்றரைக்கு வெளிக்கிட்டால் வெளிச்சம் இருக்கும்போதே புத்தளத்தைப் பிடிக்கலாம். எயார்போட்டில் எட்டொன்பது மணித்தியாலம் காத்திருக்க வேண்டும்தான். ‘அங்க போய்ச் சும்மா இருந்து என்ன செய்யிறது’ என்று வீட்டில் கேட்பார்கள். சும்மா இருக்கலாம் என்று சொல்லுங்கள். ஊர் திரும்பும்போதும் அப்படித்தான்: கனடாவிலிருந்து வந்தவருக்கு எவ்வளவு அவசரம் என்றாலும் நீர்கொழும்புப் பக்கம் ஒரு தேத்தண்ணி குடித்து, புத்தளம் தாண்டும்போது விடிந்திருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பூநகரி வழியாக மன்னார் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு அந்தப் பாதையில் ஓட்டம் கூடிவிட்டது. ஆனால் வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவைப் பக்கம் இரவில் உதவிக்கு ஒரு கடை வெளிச்சம்கூடக் கிடைக்காத துண்டுகள் இருக்கின்றன.

காலத்தையும் பாருங்கள். யூலை தொடக்கம் செப்ரெம்பர் வரை குளங்கள் வற்றும். யானை தண்ணீரைத் தேடி அலையும். மாசி, பங்குனியில் நெல் முற்றும்; வயலுக்கு வரும். அந்த நேரம் தோட்டக்காரர் யானைவெடி கொளுத்தித் துரத்துவார்கள். துரத்துப்பட்ட யானை வீதிக்கு வரும்போது நல்ல மனநிலையில் இருக்காது. தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டால் கல்யாண வீடு என்று நினைத்துவிடாதீர்கள்.

இரண்டாவது: வெளிச்சத்துக்குள் ஓடுங்கள்

வண்டியின் மங்கல் லைற், அதாவது டிம், நாற்பது மீற்றர் அளவுக்குத்தான் வீதியைத் தெளிவாகக் காட்டும். இனி வேகக் கணக்கு. ஒன்றைக் கண்டு, ‘ஐயோ’ என்று உணர்ந்து, பிறேக்கில் கால் போய்ச் சேர ஒன்றரைச் செக்கன் எடுக்கும் என்று வையுங்கள். ரயர் நல்லதாக, தார் காய்ந்ததாக இருந்தால்:

மணிக்கு 50 கிலோமீற்றரில் வண்டி நிற்க ஏறத்தாழ 35 மீற்றர் வேண்டும். 70இல் 57 மீற்றர். 90இல் 80ஐத் தாண்டும்.

90இல் போகிறவர் கால் பிறேக்கைத் தொடும்போதே 37 மீற்றர் ஓடி முடித்திருப்பார். டிம் வெளிச்சத்தில் கண்ட மாட்டுக்கும் அவருக்கும் இடையில் அப்போது ஒரு வண்டி நீளம்கூட மிச்சம் இல்லை. மழை பெய்திருந்தால் 70இல் போகிறவருக்கே 75 மீற்றருக்கு மேல் வேண்டும். ஊருக்கு வெளியே காருக்குச் சட்டம் தரும் உச்ச வேகம் 70. அது பகலுக்குப் போதும். எதிரே வாகனம் வந்து டிம் அடிக்க வேண்டிய இரவில், காட்டுத் துண்டில் 50தான் என் கணக்கு. பின்னால் வரும் சொகுசு பஸ் ஹோர்ன் அடிக்கும். ஓரமாக்கி அவரை முன்னால் விடுங்கள். உண்மையில் அது உங்களுக்கு லாபம்: அவர் வெளிச்சம் போட்டுக்கொண்டு முன்னால் போவார்.

எதிரே ஒருவரும் இல்லாத நேரம் முழு லைற்றில் ஓடுங்கள். முன்கண்ணாடியை உள்ளேயும் வெளியேயும் துடைத்துவிட்டு வெளிக்கிடுங்கள். உள்பக்க எண்ணெய்ப் பூச்சு எதிர் வெளிச்சத்தைச் சிதறடித்து ஒன்றையும் பார்க்க விடாது. பின் சீற்றில் இருப்பவர்களுக்கும் பெல்ற். அம்மம்மாவுக்கும்தான்.

மூன்றாவது: எதைப் பார்க்க வேண்டும்

மாட்டின் கண் வெளிச்சத்தில் பச்சையாக மின்னும், மானின் கண்ணும் மின்னும். அதை நம்பி ஓடுகிறவர்களுக்கு யானை ஏமாற்றம் தரும். அதன் கண் சின்னது, மங்கல். டிம் வெளிச்சத்துக்கு மேலே, உயரத்தில் இருக்கிறது. தோல் வெளிச்சத்தைக் குடித்துவிடும். தெரிவது கால் மட்டும். அதுவும் பாலை மர அடிபோல.

நான் முதன்முதல் கண்டது யானையையே அல்ல. கனகராயன்குளம் தாண்டி ஒரு நேர் வீதி. ஓரத்து வெள்ளைக் கோடு என் லைற்றில் நீளமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு இடத்தில் கோடு அறுந்தது. கொஞ்சத் தூரம் தள்ளி மறுபடி தொடங்கியது. இடையில் இருட்டு. வீதி வேலை நடக்குதாக்கும் என்று நினைத்து வேகத்தைக் குறைத்தேன். இருட்டு ஒரு காலைத் தூக்கி வைத்தது.

அன்றிலிருந்து நான் பார்ப்பது இவற்றைத்தான்: கோடு அறுதல்; எதிரே வரும் வாகனத்தின் லைற் ஒரு கணம் அணைந்து எரிதல், ஏனென்றால் இடையில் ஏதோ கடக்கிறது; தாரில் பச்சைக் கொப்பு முறிந்து கிடத்தல்; பானை அளவு இலத்தி, அதில் இன்னும் ஆவி பறந்தால் ஆள் கிட்டடியில். எதிரே வரும் லொறி காரணமில்லாமல் இரண்டு மூன்று தரம் லைற் அடித்தால் முன்னுக்குப் பொலிஸ் என்று மட்டும் எண்ணாதீர்கள்.

முறிகண்டியில் எப்படியும் நிற்பீர்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் யாழ்ப்பாணத்து வண்டி அந்த இடத்தைத் தாண்டாது. ஆனைமுகத்தானுக்கு உடைத்துவிட்டு ஆனையில் அடிக்கிறோம் என்பது வேறு கதை. தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கும்போது எதிர்ப்பக்கமிருந்து வந்த லொறிக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். “அண்ணை, அங்கால ஏதும் நிண்டதே?” “மாங்குளம் தாண்டி ஒரு தனியன் நிக்குது தம்பி. இடப்பக்கம். ஹோர்ன் அடிச்சிடாத.” போனில் உள்ள எந்த மப்பும் இந்தத் தகவலைத் தராது.

நான்காவது: மாடு. இதுதான் கூட நடக்கும்

யானையைப் பற்றித்தான் எல்லோரும் கதைப்பார்கள். வண்டியை நசுக்குவது பெரும்பாலும் கட்டாக்காலி மாடும் எருமையும்தான்.

காலபோகம் தொடங்கி வயல் விதைத்தால் மாட்டுக்கு மேய இடம் இல்லை. அவிழ்த்து விடுவார்கள். மழை நாளில் நிலம் ஈரம், நுளம்பு. தார் வீதியோ பகல் வெயிலைக் குடித்து இரவிலும் இளஞ்சூடாக இருக்கும், காற்றும் படும். மாடு அங்கே வந்து படுக்கும். பரந்தன், கிளிநொச்சிப் பக்கம் பிரதேச சபைகள் பிடித்துக் கட்டித் தண்டம் அறவிட்டாலும் மறுநாள் வேறு மாடு.

படுத்திருக்கும் கறுப்பு மாட்டில் கண் மின்னாது, நிழலும் இல்லை. எழும்பி நிற்கும் எருமை இன்னும் மோசம். சின்னக் காரின் பொனற் அதன் காலில்தான் படும். நானூறு, ஐந்நூறு கிலோ உடம்பு அப்படியே உருண்டு முன்கண்ணாடிக்கு வரும். எனக்கு நடந்தது அதுதான். வேகம் நாற்பதுக்குள் இருந்தபடியால் கண்ணாடி வெடித்ததோடு போயிற்று. மடியில் விழுந்த கண்ணாடித் துகளை அடுத்த கிழமை வரை சேட் பொக்கற்றிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாடு கடந்தால் கன்று பின்னால் வரும். மான் ஒன்று பாய்ந்தால் இரண்டாவது பாயும். கடந்ததைப் பார்க்காதீர்கள், அது வந்த பக்கத்தைப் பாருங்கள். பன்றி உயரம் குறைவு, வண்டிக்கு அடியில் போய் ரேடியேற்றரை உடைக்கும். மோட்டார் சைக்கிளை அப்படியே புரட்டிவிடும். மயில் விடியலிலும் மைமலிலும் கண்ணாடி உயரத்தில் பறக்கும்.

ஐந்தாவது: யானை வீதியில் நிற்கிறது

நூறு மீற்றர் தள்ளி நில்லுங்கள். முன்னால் வேறு வண்டி நின்றால் அதன் பின்புறத்தில் போய் ஒட்டாதீர்கள். அவருக்கும் உங்களுக்கும் பின்னால் எடுக்க இடம் வேண்டும். பின்னால் வருகிறவர் நிற்கும் வரை ஹசாட் லைற் போடலாம், நின்றதும் அணைத்துவிடுங்கள். முழு லைற்றை டிம்முக்கு மாற்றுங்கள். எஞ்சினை நிறுத்த வேண்டாம். ஹோர்ன் வேண்டாம், பாட்டு வேண்டாம். இறங்கிப் படம் எடுக்கப் போகிறவரை உள்ளே இழுத்து இருத்துங்கள், அவர் மாமாவாக இருந்தாலும் சரி.

கூட்டமாக வந்தால் பெரும்பாலும் பெண் யானையும் குட்டியும். முன்னால் பெரியது, நடுவில் குட்டி, பின்னால் இன்னும் வரும். ‘எல்லாம் போயிட்டுது’ என்று தோன்றிய பிறகும் ஐந்து நிமிடம் பொறுங்கள். குட்டிக்கும் தாய்க்கும் இடையில் வண்டியை விடுவதைப் போல ஆபத்து இந்தப் பாதையில் வேறு இல்லை.

தனியன் என்றால் வேறு கணக்கு. எங்கள் காடுகளில் கொம்பன் குறைவு, பெரும்பாலும் கொம்பில்லாத ஆணான அலியன்தான். கொம்பு இல்லை என்று பெண்ணாக எண்ணி ஏமாற வேண்டாம். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே கன்னத்தில் தார் வழிந்ததுபோல் கறுப்பாக ஈரம் தெரிந்தால் மதம். அதோடு சமரசம் கிடையாது. அது கண்ணில் இருந்து மறையும் அளவுக்குப் பின்னால் போய்விடுங்கள்.

காதை விரித்து, தலையை உயர்த்தி, சத்தம் போட்டு இரண்டடி ஓடி வந்து நின்றால் அது பெரும்பாலும் வெருட்டு. காதைப் பின்னுக்கு ஒட்டவைத்து, தும்பிக்கையைச் சுருட்டி உள்ளே வைத்துச் சத்தமில்லாமல் வந்தால் அது வெருட்டு அல்ல. இரண்டுக்கும் உங்கள் வேலை ஒன்றுதான்: நேராக ரிவேர்ஸ். வண்டியைத் திருப்பப் போகாதீர்கள். திருப்பும்போது வண்டியின் விலாவைக் காட்டுகிறீர்கள், நேரமும் போகிறது. கிட்ட வரும் யானை கொஞ்சத் தூரத்துக்கு மணிக்கு இருபத்தைந்து கிலோமீற்றர் வேகத்திலும் ஓடும். இரவில் ரிவேர்ஸ் கியரில் நீங்கள் அந்த வேகம் எடுக்க மாட்டீர்கள். அதனால்தான் முதலிலேயே நூறு மீற்றர் என்கிறேன்.

நாங்கள் மட்டும் செய்யும் ஒரு பிழை உண்டு. கொழும்புச் சொந்தக்காரருக்கு என்று வாழைக்குலையைக் கூரையில் கட்டி, கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைப் பெட்டி பெட்டியாகப் பின்னுக்கு அடுக்கி, கண்ணாடியைத் திறந்துவிட்டுப் போவோம். யானையின் மூக்குக்கு அது அழைப்பிதழ். பழத்தைப் பையில் இறுக்கிக் கட்டி டிக்கியில் வையுங்கள், கண்ணாடியை மூடுங்கள். ஒரு பழத்தை எறிந்துவிட்டுத் தப்பலாம் என்று நினைக்காதீர்கள். கதிர்காமம் புத்தலப் பாதையில் யாத்திரிகர்கள் அப்படி எறிந்து எறிந்துதான் யானைகள் பஸ்ஸை மறித்துத் தும்பிக்கை நீட்டப் பழகின.

ஆறாவது: இனித் தப்ப முடியாது என்றால்

பிறேக்கை முழுதாக அழுத்துங்கள், அழுத்தியபடியே வைத்திருங்கள். ஏபிஎஸ் உள்ள வண்டியில் கால் நடுங்குவதுபோல் இருக்கும், விட்டுவிடாதீர்கள். ஸ்ரேறிங்கை வெட்டாதீர்கள். ஏ9 ஓரத்தில் வாய்க்கால், மரம், மின்கம்பம், எதிரே டிப்பர். நாய்க்கும் பன்றிக்கும் வெட்டி, மரத்தில் அடித்துச் செத்தவர் கதை எல்லா ஊரிலும் ஒன்று இருக்கும். யானை, எருமை என்றால் மட்டும், வேகம் குறைந்து, எதிரே ஒருவரும் இல்லை என்று தெரிந்தால் அதன் பின்பக்கத்தைக் குறிவைத்து மெல்ல விலகுங்கள். அது போகும் திசையில் விலகினால் மறுபடி அதிலேயே போய் முட்டுவீர்கள்.

ஏழாவது: அடித்த பிறகு

முதலில் மூச்சு. பிறகு ஹசாட். அடிபட்டது யானை என்றால் வண்டி ஓடும் நிலையில் இருந்தால் கொஞ்சத் தூரம் தள்ளிப் போய் நிறுத்துங்கள். கூட்டம் விழுந்ததை விட்டுப் போகாது. வண்டி ஓடாது என்றால், யானைகள் நகரும் வரை உள்ளேயே இருங்கள்.

மாடு என்றால் மிருகம் கிடக்கும் பக்கத்தை விட்டு மறுபக்கமாக இறங்குங்கள். சாகாத எருமை உதைக்கும். எச்சரிக்கை முக்கோணத்தை ஐம்பது அறுபது மீற்றர் பின்னால் வையுங்கள், இல்லாவிட்டால் பச்சைக் கொப்பு முறித்துப் போடுங்கள். எங்கள் வீதிகளில் அது எல்லோருக்கும் விளங்கும். காயப்பட்ட மிருகத்தைத் தேடிப் பற்றைக்குள் போக வேண்டாம். முகமாலைப் பக்கம் சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்டால் தார் ஓரத்தைவிட்டு ஒரு அடிகூட இறங்க வேண்டாம். அது கண்ணிவெடி நிலம்.

போன் நம்பர்கள்: ஆளுக்குக் காயம் என்றால் 1990, சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. பொலிஸ் 119. யானை, மான் போன்ற காட்டு மிருகம் என்றால் வனசீவராசிகள் திணைக்களம் 1992. சிக்னல் அறுந்துபோகும் துண்டுகள் உண்டு, அதனால் எந்த மைல்கல்லைத் தாண்டினீர்கள் என்பதை ஓடும்போதே மனதில் வைத்திருங்கள். ‘காட்டுக்குள்ள நிக்கிறம்’ என்றால் அம்புலன்ஸ் வராது.

அடிபட்ட மானையோ பன்றியையோ டிக்கியில் ஏற்றச் சொல்லி யாராவது ஒருவர் கட்டாயம் வருவார். வேண்டாம். மான் இறைச்சியோடு பிடிபட்டால் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பேசும். விபத்து என்று நீங்கள் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள்.

அடித்தது மாடு என்றால், இருட்டுக்குள் இருந்து ஒரு சொந்தக்காரர் வருவார், அல்லது ஒருவருமே வர மாட்டார். வந்தவரோடு வாக்குவாதப்பட வேண்டாம், வீதியில் வைத்துக் காசும் கொடுக்க வேண்டாம். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டைப் பதிந்து அங்கே பேசுங்கள்.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வயிற்றெரிச்சல். தேர்ட் பாட்டி மட்டும் இருந்தால் உங்கள் வண்டிக்கு ஒரு சதமும் வராது, அதை இப்போதே எடுத்துப் பாருங்கள். எனக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தது. ஆனால் நான் நல்ல பிள்ளையாக வண்டியை ஓரமாக்கி, எருமையையும் நாலு பேரோடு இழுத்துப் போட்டுவிட்டுத்தான் போன் எடுத்தேன். ‘மரத்தில அடிச்சிட்டு மாடு எண்டு சொல்லுறீங்களோ?’ என்ற தொனியில் மூன்று கிழமை இழுத்தார்கள். கடைசியில் என்னைக் காப்பாற்றியது பம்பர் இடுக்கில் சிக்கியிருந்த எருமை மயிர்தான். ஆகவே வண்டியை அசைக்க முன் படம்: நம்பர் பிளேற், மிருகம், பிறேக் தடம் மூன்றும் ஒரே படத்தில் வரட்டும். கிட்டப் போய் இரத்தம், மயிர், உடைவு. அங்கே நின்றபடியே கம்பனிக்கு அடியுங்கள்.

பிறகு வண்டிக்கு அடியில் ரோர்ச் அடித்துப் பாருங்கள். பச்சை, சிவப்பு நிறத்தில் தண்ணீர் சொட்டினால் கூலன்ற். அதோடு வவுனியா வரை போய்விடலாம் என்று ஓடினால் எஞ்சின் போய்விடும். ஸ்ரேறிங் ஒரு பக்கம் இழுத்தாலும் ஓட வேண்டாம்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு

இது சாரதிக்குச் சொல்லும் வழிகாட்டி என்றாலும், இதை வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் மாடும் இருக்கும். மாட்டைக் கட்டுங்கள் என்று சொல்லி யாரும் கேட்கப் போவதில்லை. பரந்தனில் ஒரு ஐயா வேறு வழி பிடித்திருந்தார். லொறிக்குப் பின்னால் ஒட்டும் சிவப்பு மஞ்சள் ஒளிர் பட்டியை விரல் அகலத்தில் வெட்டி, ஒவ்வொரு மாட்டின் கழுத்துக் கயிற்றிலும் சுற்றித் தைத்திருந்தார். “அண்ணை, இதுக்கு எவ்வளவு செலவு?” என்று கேட்டேன். “ஒரு மாடு செத்தா எவ்வளவு எண்டு முதல்ல கேள்” என்றார். அன்று இரவு திரும்பி வரும்போது பார்த்தேன். மாடு ஒன்றும் தெரியவில்லை. இடுப்பளவு உயரத்தில் ஏழெட்டுச் சிவப்பு வளையங்கள் மட்டும் இருட்டில் அசைபோட்டுக்கொண்டிருந்தன.